ஜுப்ரானின் வண்டிச் சத்தம்

எங்கள் ஊர் தைர் ஹுமைத்தில் புழுதிக் காற்று தொடங்கிவிட்டால் யாரும் வெளியில் நின்று பேசமாட்டார்கள். காலையில் இலை அசையாமல் புழுங்கும். வெயில் உச்சிக்கு வந்ததும் எங்கிருந்தோ காற்று கிளம்பி, சோளக்காட்டு மண்ணையெல்லாம் வாரிக்கொண்டு வந்து வீட்டுக்குள் கொட்டும். ரொட்டியில் மண், தண்ணீர்ப் பானையில் மண், உறங்குகிறவன் கண்ணிமையில் மண். அப்படிப்பட்ட நாளில்தான் ஹாதி கொட்டகைக்குள் போய், செத்துப்போன மைத்துனனின் வண்டிமேல் கிடந்த சாக்குகளை எடுத்தான்.

எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவே ஓர் ஓலைத் தட்டிதான் உண்டு. அந்தப் பக்கம் ரொட்டி கருகினால் இந்தப் பக்கம் நாங்கள் இருமுவோம். நடந்ததில் பாதியைப் பார்த்தேன், மீதியைக் கேட்டேன். கேட்காததை ஹாதியின் பெண்டாட்டி குபூல் மாவு பிசைந்த கையோடு தட்டி ஓரம் வந்து நின்று சொல்லிவிடுவாள்.

வண்டி குபூலின் தம்பி ஜுப்ரானுடையது. அவனுக்கும் அது புதிதாக வந்ததில்லை. யார் யாரோ ஓட்டித் தள்ளிவிட்ட சிவப்பு மோட்டார் சைக்கிள்; பெட்ரோல் தொட்டியில் ஒரு நெளிசல், உட்காரும் இடத்தில் கிழிசல். அதை வைத்துக்கொண்டு பெரிய சாலை முக்கில் நின்று ஆள் ஏற்றினான். பைத்துல் ஃபகீஹ் சந்தைக்குப் போகிறவர்கள், ஆட்டுக்குட்டியை மடியில் போட்டுக்கொண்டு வருகிறவர்கள், பிள்ளைத்தாய்ச்சிகள், எல்லோரும் அவன் முதுகைப் பிடித்துக்கொண்டு போனவர்கள்தான். கொசுக்காய்ச்சல் ஊரைப் போட்டு உலுக்கிய வருஷம், நிமிர்ந்து உட்கார முடியாதவர்களைத் தன் முதுகோடு துணியால் கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். கடைசியில் காய்ச்சல் அவனுக்கே வந்தது. இன்னொருவன் அவனைக் கட்டிக்கொண்டு போனான். திரும்பி வந்தது உயிரில்லாத மையத்து. வண்டி கொட்டகையில் நின்றது நின்றபடியே இருந்தது, தொட்டியில் அவன் ஊற்றிய பெட்ரோலோடு.

அவனுடைய வாப்பா அயாஷ், இந்தப் பக்கத்துத் தோட்டங்களுக்கெல்லாம் தண்ணீர் இறைக்கும் இஞ்சின் ஓட்டியவர். பெண்டாட்டி எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டாள். மகனும் போன பிறகு அவருக்கு ஞாபகம் ஒவ்வொரு ஆணியாகக் கழன்றது. முதலில் எத்தனை ரக்அத்து தொழுதோம் என்பது மறந்தது. பிறகு சாப்பிட்டது மறந்தது. பிறகு, மகன் மௌத்தானதே மறந்துபோனது. "ஜுப்ரான எங்க?" என்பார். "சந்தைக்கு" என்று குபூல் சொல்வாள். "சரி" என்று கயிற்றுக் கட்டிலில் சாய்ந்துகொள்வார். அடுத்த முறை கேட்க நேரமாகும்.

மருமகன் ஹாதியை மட்டும் அவர் மறக்கவில்லை. அவன் அந்த வீட்டோடு வந்து தங்கிய மாப்பிள்ளை. வாழைத்தோட்டத்தில் கூலி வேலை. அதிகம் பேசமாட்டான், யாரையும் சிரிக்கவைக்கத் தெரியாது. ஜுப்ரான் வாசலில் நுழையும்போதே நான்கு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சிரிக்கிறவன். அயாஷுக்கு முதல் நாளிலிருந்தே மருமகனைப் பிடிக்காது.

அன்று மதியம் தட்டிக்கு அப்பால் குபூலின் குரல் கேட்டது.

"எதுக்கு மச்சான் அதத் தொடுறீங்க?"

"தொடாம என்ன செய்ய? தோட்டம் காஞ்சு கெடக்கு. டீசல் இல்லாம இஞ்சினு நின்னு போச்சு. வாழ இருந்த எடத்துல இப்ப ஓணான்கூட இல்ல."

"வேற வேல பாருங்க."

"வேற வேலதான் இருக்கே. துப்பாக்கியத் தூக்கிட்டு வாங்கன்னு சண்ட போடுற ரெண்டு பக்கத்துக்காரனும் கூப்பிடுறான். அரிசியும் மாவும் வீடு தேடி வரும்ங்கிறான். போகட்டுமா?"

கொட்டகை ஓலை காற்றில் அடித்துக்கொண்டது.

"சாக்க உதறி மடிச்சு வைங்க" என்றாள் குபூல். "ஈரத்துல போட்டுறாதீங்க."

பழுது பார்க்க தர்வீஷ் வந்தான். பெரிய சாலையில் ஒரு தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து வண்டி பார்க்கிறவன். ஒரு கன்னம் எப்போதும் மென்று அடக்கிய காத் இலையால் உப்பியிருக்கும். அவனைக் கேட்டால் அவன் எழுப்பாத வண்டியே இந்தக் கடற்கரைப் பக்கத்தில் கிடையாது. வண்டியைச் சுற்றி வந்தான். சக்கரம் இரண்டும் காற்று இறங்கி, ரப்பர் பாளம் பாளமாக வெடித்திருந்தது. சங்கிலி ஒரே துரு.

"இது ஒண்ணும் இல்ல ஹாதி. உறங்குது. ஒரு உத விட்டா எந்திரிச்சுரும்."

காலை வைத்து மிதித்தான். நகரவில்லை. ஏறி நின்று முழுப் பாரத்தையும் போட்டான். மிதிகட்டை கல்லில் அடித்து இறக்கிய மாதிரி நின்றது.

"உறங்கல" என்றான் தர்வீஷ். "மௌத்தாயிருச்சு."

சொன்ன பிறகுதான் எந்த வீட்டு முற்றத்தில் நிற்கிறோம் என்று அவனுக்கு உறைத்தது. இலையைத் துப்பப் போகிறவன் மாதிரி தட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டான். கட்டிலிலிருந்து அயாஷின் குரல் வந்தது.

"யாருடா அவன், இரும்பப் போட்டு மிதிக்கிறவன்? கழுதைனு நெனச்சியா?"

"நாந்தான் மாமு, தர்வீஷ்."

"எந்த தர்வீஷா இருந்தா என்ன? உள்ள பிடிச்சுக்கிட்டு நிக்குது. பிளக்கக் கழட்டி அந்த ஓட்ட வழியா எண்ணெய ஊத்து. ஊறட்டும். நாளைக்கு வந்து பாரு. அதுவரைக்கும் அதத் தொடாத."

அவர் அவ்வளவு நீளமாகப் பேசி ரொம்ப நாள் ஆகியிருந்தது. மாவுக் கையோடு வெளியே வந்த குபூல் அப்படியே நின்றுவிட்டாள்.

மறுநாள் எண்ணெய் ஊறி, மிதிகட்டை முனகிக்கொண்டு கீழே இறங்கியது. அதற்குப் பிறகு அந்த முற்றத்தில் நடந்த கூத்தை நாங்கள் தட்டி இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். தொட்டியிலிருந்து பெட்ரோலை இறக்கினார்கள். பெட்ரோலா அது! கடுங்காப்பி நிறத்தில், மரத்துக்குப் பூசும் மெருகெண்ணெய் வாடையோடு கொழகொழவென்று வந்தது. உள்ளே துரு. சரளைக் கல்லையும் தர்வீஷ் கொண்டுவந்த கொஞ்சம் டீசலையும் தொட்டிக்குள் போட்டு, ஹாதி ஒரு பக்கமும் தர்வீஷ் ஒரு பக்கமும் பிடித்துக் குலுக்கினார்கள். கல்யாண வீட்டில் குச்சி ஆட்டம் ஆடுகிறவர்கள் மாதிரி முற்றம் முழுக்கச் சுற்றி வந்தார்கள். கட்டிலில் இருந்த அயாஷ் கையைத் தட்டினார். "இடுப்ப ஆட்டுடா ஹாதி! ரொட்டி திங்கிற பலத்த இதுல காட்டு!"

புகைக்குழாய்க்குள் குளவி கூடு கட்டியிருந்தது. தர்வீஷ் கம்பியை விட்டதும் ஒன்று வந்து அவன் உப்பிய கன்னத்திலேயே கொட்டியது. இலையா வீக்கமா என்று இரண்டு நாள் யாருக்கும் தெரியவில்லை.

சங்கிலியை டீசலில் ஊறவைத்துத் தேய்க்கும் வேலையை அயாஷ் தானாகவே வாங்கிக்கொண்டார். கட்டிலை விட்டு இறங்கி, கால்களுக்கு நடுவே சட்டியை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கண்ணியாகத் தேய்த்தார். காற்று கொண்டுவந்த மண் சட்டியில் விழும். திட்டிக்கொண்டே துணியால் மூடுவார், மறுபடியும் திறப்பார். நகக்கண்ணெல்லாம் கறுப்பு. அந்தக் கையாலேயே கம்பு ரொட்டியைப் பிய்த்து, தக்காளியும் பச்சை மிளகாயும் அரைத்ததில் தொட்டுச் சாப்பிட்டார். இன்னொன்று கேட்டார்.

"வாப்பா ரெண்டு ரொட்டி சாப்பிட்டாங்க அக்கா" என்று குபூல் தட்டிக்கு அருகே வந்து சொன்னாள். "காலையிலேர்ந்து 'அவன எங்க'னு ஒரு தடவகூடக் கேக்கல. இந்த வண்டி சரியாகாமலே கொஞ்ச நாள் போனா நல்லா இருக்கும்போல."

ஒருநாள் பிற்பகல் அஸர் பாங்குக்கு முன்னால் வண்டி கிளம்பியது. முதலில் இருமியது. பிறகு பெரிய வெடிச் சத்தம். எங்கள் ஆடுகள் கட்டை அறுத்துக்கொண்டு ஓடின. நீலப்புகை முற்றத்தை மூடியது. ஆனால் கைப்பிடியைத் திருகிப் பிடித்துக்கொண்டிருந்தால்தான் ஓடியது. கையை எடுத்தால் அணைந்துபோனது. மறுபடி உதை, மறுபடி புகை, மறுபடி அணைப்பு. தர்வீஷ் பிளக்கை மாற்றினான். காற்று வடிகட்டும் பஞ்சை மாற்றினான். வண்டியின் தாய் தகப்பனையும் பேசினான்.

"போகும்போது ஓடுதுல்ல? அது போதும்" என்றான் ஹாதி. "நின்னா உதச்சுக்கிறேன்."

"மாப்பிளே" என்றார் அயாஷ். "பிள்ளைத்தாய்ச்சி பின்னால உக்காந்திருப்பா. நடுரோட்டுல நின்னுட்டு உதச்சுக்கிட்டு இருப்பியா நீ?" தர்வீஷைப் பார்த்தார். "அது பசில சாவுது. ஓடுறப்ப பெரிய வாயால குடிக்குது. சும்மா நிக்கிறப்ப குடிக்க ஒரு பொடி ஓட்ட இருக்கும் பாரு, அதுல பழைய பெட்ரோலு பிசினா அடச்சிருக்கும்."

"அதெல்லாம் ஊதிப் பாத்துட்டேன் மாமு."

"ஊதினா போகுமா? ஒத்தக் கம்பிய விடுடா."

கரண்டு ஒயரை உரித்து, அதிலிருந்து முடி மாதிரி ஒற்றைச் செம்புக் கம்பியை எடுத்தார்கள். கார்புரேட்டரைப் பிரித்துத் துணியில் பரப்பி, வெயிலுக்கு நேரே பிடித்து, அந்தத் துளையில் கம்பியை விட்டு உருட்டினான் தர்வீஷ். மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்தான். மறுபடி மாட்டி, பக்கத்துத் திருகை இப்படியும் அப்படியும் கொஞ்சம் திருப்பி, உதைத்தான்.

வண்டி ஓடியது. கையை எடுத்தான். அணையவில்லை. தடம் பிசகாமல், ஒரே சீராக, நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருக்கிற பூனை மாதிரி உறுமிக்கொண்டு நின்றது. தர்வீஷ் ஒரு தம்ளர் தண்ணீரைத் தொட்டிமேல் வைத்துக் காட்டினான். தண்ணீர் லேசாக நடுங்கியது, சிந்தவில்லை.

"பாத்தியா? ஜுப்ரான் வச்சிருந்தப்ப எப்படி இருந்துச்சோ அப்படியே கொண்டுவந்துட்டேன்!"

அயாஷ் தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு வெளிச்சம். ஹாதி அதைப் பார்த்து, தன் வேலைக்குத்தான் அது என்று நினைத்துக்கொண்டான்.

தர்வீஷ் தந்த பழைய டயர்களை மாட்டிக்கொண்டு, அடுத்த நாள் காலை ஹாதி முக்குக்குப் போனான். நல்ல ஓட்டம். மாலையில் ஒரு மீனும் கொஞ்சம் மாவும் வாங்கிக்கொண்டு திரும்பினான். வண்டிச் சத்தம் பேரீச்சைத் தோப்பைத் தாண்டித் தெருவுக்குள் திரும்பியபோதே அயாஷ் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"குபூல், அடுப்பப் பத்த வை. தம்பி வந்துட்டான்."

"எந்தத் தம்பி வாப்பா?"

"எந்தத் தம்பியா? ஒனக்கு எத்தன தம்பி இருக்கான்? ஜுப்ரான் வர்றான்டி. சத்தம் கேக்கல?"

வண்டி வாசலில் நின்றது. அணைந்தது. ஹாதி தலைத்துணியை அவிழ்த்து மண்ணை உதறிக்கொண்டு உள்ளே வந்தான். அயாஷ் அவனைத் தாண்டிப் பின்னால் பார்த்தார்.

"அவன எங்க?"

"யார மாமா?"

"வண்டி வந்துச்சே. ஜுப்ரான எங்க?"

ஹாதி பொய் பேசிப் பழகாதவன். பெண்டாட்டி கண்ணைக் காட்டியதை அவன் பார்க்கவில்லை. "ஜுப்ரான் மௌத்தாகி மூணு வருஷம் ஆகுதே மாமா" என்று சொல்லிவிட்டான்.

அன்று அந்த வீட்டிலிருந்து எழுந்த அழுகையை நான் முன்பே ஒரு தடவை கேட்டிருக்கிறேன், மையத்து வந்த அன்றைக்கு. அதே அழுகை. "எனக்குச் சொல்லலையே, எனக்கு ஒருத்தரும் சொல்லலையே" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதார். கபர் எங்கே இருக்கிறது என்று கேட்டார். தான் மண் போட்டதுண்டா என்று கேட்டார். போட்டீர்கள் என்றால் நம்பவில்லை. மீனை யாரும் தொடவில்லை. பூனை தின்றது.

காலையில் எல்லாம் மறந்திருந்தது. காப்பிக்கொட்டைத் தோல் போட்டுக் காய்ச்சிய கிஷ்ரைக் குடித்துவிட்டு, "ஜுப்ரான் எந்திரிச்சுட்டானா?" என்றார். மாலையில் வண்டிச் சத்தம் வந்தது. எழுந்து உட்கார்ந்தார். மறுபடி கேள்வி. "சந்தைக்குப் போயிருக்கான்" என்றாள் குபூல். "வண்டி இங்க நிக்குது, அவன் எதுல போனான்? ஏய், வண்டியத் தனியா விட்டுட்டு அவன் போகவே மாட்டான். என்ன மறைக்கிறீங்க?" அன்றும் உண்மை தெரிந்தது. அன்றும் அழுகை. கையாலாகாமல் நாங்களும் தட்டிக்கு இப்பால் உட்கார்ந்து அழுதோம். ஒரு மனுஷனுக்கு மகன் ஒரு தடவை சாவது போதாதா?

மூன்றாவதோ நான்காவதோ நாள், ஹாதி தலைத்துணியை அவிழ்க்காமல் வந்தான். காற்றுக்கு முகத்தைச் சுற்றிக் கட்டியிருந்தான், கண் மட்டும் தெரிந்தது.

"ஜுப்ரானா?" என்றார் அயாஷ்.

ஹாதி நின்றான். பெண்டாட்டியைப் பார்த்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஆமா வாப்பா" என்றான்.

"வா, வா. இப்படி உக்காரு. இன்னக்கி என்ன இவ்வளவு நேரம்? சாப்பிட்டியா? குபூல், தம்பிக்கு மொதல்ல போடு."

அடுப்பில் சுட்ட மீனின் கன்னத்துச் சதையைத் தன் விரலால் எடுத்து அவனுக்கு ஊட்டினார். துணியை அவிழ்த்த பிறகும் அவர் மாறவில்லை. மாலை மங்கலில் முகம் அவருக்கு ஒரு பொருட்டாக இல்லை, சத்தம் சொல்லிவிட்டது, அது போதும். அன்று அந்த வீட்டில் அழுகை இல்லை.

அதற்குப் பிறகு தினமும் அப்படித்தான். காலையில் அவன் ஹாதி. "ரொட்டிய மட்டும் நல்லாப் பிடிக்கத் தெரியுது" என்று அவர் திட்டுவதைக் கேட்டுக்கொண்டு வண்டியை எடுப்பான். மாலையில் அவன் ஜுப்ரான். முதுகைத் தடவிக் கொடுப்பார், பழைய இஞ்சின் கதைகளைச் சொல்வார், அவனும் மெல்லச் சிரிக்கப் பழகினான். ஒரு வாரத்தில் அந்தச் சிரிப்பு எங்கள் வீட்டுக்கே கேட்டது. குண்டுமல்லிச் சரம் ஒன்று வாங்கி வந்து அவர் கட்டில் காலில் சுற்றினான். ஜுப்ரான்தான் அப்படிச் செய்வான்.

ஒருநாள் அயாஷ் சொன்னார்: "ஒனக்கு ஒரு பொண்ணு பாக்கணும்டா. அக்காவுக்கு அந்தத் தடிப்பயலக் கட்டிவச்சு ஏமாந்துட்டேன். வாயும் கிடையாது, கையும் கிடையாது. ஒனக்காவது நல்ல எடமா பாக்குறேன்."

"ஹாதி நல்லவந்தான் வாப்பா" என்றான் ஹாதி.

"நீ சும்மா இருடா. ஒனக்கு எல்லாரும் நல்லவங்கதான்."

அன்று இரவுச் சாப்பாடு முடிந்ததும் தட்டிக்கு அப்பால் பேச்சுத் தடித்தது.

"நாளையிலேர்ந்து இது வேண்டாம் மச்சான்."

"எது?"

"எதுன்னு கேக்காதீங்க. என் புருஷன என் தம்பி பேரச் சொல்லிக் கூப்பிடுறத நான் உக்காந்து கேக்கணும். அவன் பேருக்கு நீங்க 'ஆமா'ங்கிறீங்க. அவன் பூ வாங்குவான், நீங்களும் வாங்குறீங்க. நான் யாருக்குச் சோறு போடுறேன்னு எனக்கே தெரியல."

"அழுவாரே குபூல்."

"அழட்டும்! நானுந்தான் அழுதேன். எனக்கு யாரு வந்து தம்பியா நடிச்சா?" கொஞ்சம் நின்று, குரலைத் தாழ்த்தினாள். "உங்களுக்கு அது பிடிச்சுப் போச்சு. உண்மையச் சொல்லுங்க."

ஹாதி தட்டைத் தள்ளி வைத்த சத்தம் கேட்டது.

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அந்த மனுசன் என் முகத்தப் பாத்து ஒரு வார்த்த நல்லதாச் சொன்னதில்ல" என்றான். "இப்பத்தான் ஊட்டிவிடுறாரு. எனக்கு இல்லன்னு தெரியும். வாய் எனக்குத்தான இருக்கு?"

அவள் தட்டுகளை எடுத்துக்கொண்டு கழுவப் போனாள்.

மறுநாள் ஹாதி வண்டியைப் பெரிய சாலையிலேயே தர்வீஷின் தகரத்துக்குக் கீழே விட்டுவிட்டு நடந்து வந்தான். சத்தமே வராவிட்டால் கேள்வியும் வராது என்று நினைத்தான். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். ஆனால் சத்தம் வருகிற நேரம் அயாஷின் காதுக்குத் தெரிந்துவிட்டிருந்தது. காற்று உச்சத்தில் இருந்த பொழுது, குபூல் கிணற்றடியில் இருந்த சமயம், அவர் கட்டிலை விட்டு எழுந்து வெளியே போய்விட்டார். மகன் வழியில் எங்கோ நின்றுவிட்டான், வண்டி பழுது என்று புறப்பட்டிருக்கிறார்.

தெருவே கிளம்பித் தேடியது. கையை நீட்டினால் விரல் தெரியாத புழுதி. கூப்பிட வாயைத் திறந்தால் வாய் நிறைய மண். "வாப்பா! வாப்பா!" என்று குபூல் தலைமுக்காடு பறக்க ஓடினாள். ஹாதி நடந்து வந்த வழியிலேயே திரும்பி ஓடினான். கடைசியில் காய்ந்த வாழைத்தோட்டத்தில், நின்றுபோன இஞ்சினுக்குப் பக்கத்தில் அவரைக் கண்டுபிடித்தார்கள். ஒரு கால் செருப்பு இல்லை. புருவமெல்லாம் மண். இஞ்சினின் பெரிய சக்கரத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஹாதி அவரை முதுகில் தூக்கிக்கொண்டு வந்தான். வழி முழுக்க அவர், "நீ யாருப்பா? நல்லா இருப்பே. என் மகன் வந்தா ஒன்ன வண்டியில கொண்டு விடச் சொல்றேன்" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

அதிலிருந்து அவருக்குக் காய்ச்சலும் இருமலும். வண்டி மறுபடி வீட்டுக்கே வந்தது. குபூலும் தடுக்கவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? சத்தம் வந்தாலும் துன்பம், வராவிட்டாலும் துன்பம். வண்டியை விற்றுவிடலாம் என்றால் ஹாதி துப்பாக்கி தூக்கப் போகவேண்டும். தர்வீஷிடம் போய், சத்தத்தை மாற்ற முடியுமா என்று ஹாதி கேட்டானாம். "எவனாவது நல்லா ஓடுற வண்டியக் கெடுக்கச் சொல்லுவானா?" என்று தர்வீஷ் கோபப்பட்டிருக்கிறான். பிறகு விஷயம் புரிந்து, புகைக்குழாய்க்குள் தகரம் வைத்து அடைத்துப் பார்த்தான். வண்டி மூச்சுத் திணறியதே தவிர, அயாஷின் காதை ஏமாற்ற முடியவில்லை. "தம்பி வண்டிக்கு என்னமோ தொண்ட கட்டியிருக்கு" என்றார். தகரத்தை எடுத்துவிட்டார்கள்.

காய்ச்சல் விட்ட ஒரு காலை. காற்று இன்னும் எழவில்லை. ஹாதி முற்றத்தில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். நான் தட்டிக்கு இப்பால் சோளம் புடைத்துக்கொண்டிருந்தேன்.

"ஹாதி" என்று கூப்பிட்டார் அயாஷ்.

மாப்பிளே என்றில்லை, தடிப்பயலே என்றில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஹாதி துணியைப் போட்டுவிட்டுப் போய்க் கட்டில் பக்கம் நின்றான்.

"உக்காரு. ஒன்ன ஒண்ணு கேக்கணும். ஜுப்ரான் இல்லதான?"

ஹாதி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான்.

"சொல்ல வேணாம். இந்த மாதிரி நேரத்துல எனக்குத் தெரியும். காலையில கொஞ்ச நேரம் தெரியும், அப்புறம் போயிரும். நீதான் ராத்திரி எங்கூட சாப்பிடுறேங்கிறதும் தெரியும்." இருமினார். ஹாதி தண்ணீர் கொடுத்தான். குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார். "ஒனக்குச் சங்கடமா இருக்கும். எம்பொண்ணுக்கும் சங்கடம். ஆனா நான் என்ன செய்யட்டும்? அந்தச் சத்தம் தெரு முக்குல திரும்பறப்ப, அவந்தான். வாசல்ல வந்து நிக்கிற வரைக்கும் அவந்தான். நீ சாவியத் திருப்பி நிப்பாட்டுற பாரு, அப்பத்தான் எனக்கு உள்ள என்னமோ ஒண்ணு இல்லன்னு சொல்லும். அதனால ஒண்ணு செய்வியா?"

"சொல்லுங்க மாமா."

"வந்ததும் நிப்பாட்டாத. கொஞ்ச நேரம் ஓட விடு. பெட்ரோலு செலவாகும், தெரியும். இருந்தாலும் கொஞ்ச நேரம்."

"சரி மாமா."

"அவன் பேர நீ சொல்ல வேணாம். யாருன்னு நான் கேட்டாலும் சொல்ல வேணாம். அந்தச் சத்தம் மட்டும் போதும்."

ஹாதி தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். கொஞ்ச நேரத்தில் அயாஷ் அவனைப் பார்த்து, "என்னடா, வேலைக்குப் போகாம கட்டில்ல வந்து உக்காந்திருக்க? எந்திரி, தடிப்பயலே. அவன் எந்திரிச்சுட்டானா பாரு" என்றார்.

அன்று மாலை மஃரிப் பாங்கு முடிந்து சிறிது நேரத்தில் வண்டி தெருவுக்குள் திரும்பியது. காற்று அடங்கியிருந்தது. வண்டி வாசலுக்கு வந்து நின்றது. அணையவில்லை. ஹாதி அதன்மேல் உட்கார்ந்தபடி, இரண்டு காலையும் தரையில் ஊன்றிக்கொண்டு, கையைச் சாவிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இருந்தான். ஒரே சீரான சத்தம். உள்ளே அயாஷ் கண்ணை மூடிப் படுத்திருந்தார். குபூல் ரொட்டியை அடுப்புச் சுவரில் ஒட்டிவிட்டு வாசலுக்கு வந்து நின்றாள். அவளிடம் அவன் காலையிலேயே சொல்லியிருந்தான்.

தெருவில் போகிறவர்கள் பார்த்துக்கொண்டு போனார்கள். "என்ன ஹாதி, நிப்பாட்ட மறந்துட்டியா? பெட்ரோல் கிணறு வெட்டியிருக்கியா வீட்டுல?" என்று ஒருவன் கேட்டான். எவ்வளவு நேரம் என்று அயாஷ் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் என்றார். ஒரு வாப்பாவுக்குக் கொஞ்ச நேரம் என்றால் எவ்வளவு? இரண்டு மூன்று தடவை ஹாதியின் விரல் சாவிக்குப் போய்த் திரும்பியதை நான் பார்த்தேன்.

குபூல் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். "உறங்கிட்டாங்க" என்றாள் மெதுவாக. "இப்ப நிப்பாட்டுங்க."

சாவியைத் திருப்பினான்.

சத்தம் நின்ற அதே கணம் கட்டில் கயிறு கிறீச்சிட்டது. அயாஷ் விழித்து எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"யாரது?"

ஹாதி ஒரு காலை வாசலுக்கு உள்ளே வைத்து, ஒரு காலை வெளியே வைத்து நின்றான். உள்ளே விளக்கு இன்னும் ஏற்றவில்லை. எந்தப் பெயரும் அவன் வாயில் வரவில்லை.

"யாருனு கேக்குறேன்ல?"

"சாப்பிட வந்திருக்காங்க, வாப்பா" என்றாள் குபூல்.

அயாஷ் இருட்டில் வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அடுப்பில் ரொட்டி கருகும் வாடை எங்கள் பக்கம் வந்தது.

"அப்ப ஏன் நிக்க வச்சிருக்க?" என்றார். "தட்டு வையி."